தாலி மட்டும் டம்மி

மூத்த மகள் வீணாவின் கல்யாணத்தில் பாகீரதி பார்த்தது ஒரு பெல்ட்டை.

பழுப்பு நிற பெல்ட். அதைப் போட்டிருந்தவர் வீடியோ எடுக்க வந்தவர். கெட்டிமேளம் கொட்டிய அந்த நிமிஷத்தில் அவரும், அவருக்கு விளக்குப் பிடித்தவரும், போட்டோக்காரரும், போட்டோக்காரருக்குக் குடை பிடித்தவரும் சேர்ந்து மணமேடையைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். பெற்றவள் என்ற உரிமையில் பாகீரதி இடது பக்கம் எட்டினாள், வலது பக்கம் எட்டினாள், கடைசியில் குனிந்தும் பார்த்தாள். மேளம் ஓய்ந்ததை வைத்துத்தான் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டாள். கையில் வைத்திருந்த அட்சதையை அந்த பெல்ட்டின் மேலேயே போட்டுவிட்டு இறங்கினாள். அவள் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவள். அந்த மனிதரின் பேண்ட்டில் பெல்ட் நுழைக்கிற எந்தப் பட்டை பிரிந்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

பிற்பாடு வீடியோ வந்தது. அதில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். உடனே ஒரு ரோஜாப்பூ விரிந்தது. பூவுக்குள் ஊட்டி ஏரியும் படகும் வந்தன. படகு போனதும் பெண் கழுத்தில் தாலி இருந்தது.

அதனால் இளையவள் கிருத்திகாவின் கல்யாணம் நிச்சயமானபோது பாகீரதி தன் கணவர் அசோகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எனக்குப் பட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தத் தடவை தாலி கட்றதை என் கண்ணால பாக்கணும்.”

“இது ஒரு பெரிய விஷயமா? மொத ஆளா நிறுத்தறேன்,” என்றார் அசோகன். அவர் தொம்மலூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். பெங்களூர் டிராஃபிக்கிலேயே முன்னால் போய் நிற்கத் தெரிந்தவருக்குச் சொந்த வீட்டுக் கல்யாணத்தில் நிற்பது கஷ்டமாகத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை ஹரிஷ் ஆரணியிலிருந்து வேலைக்கு வந்த பையன். கிருத்திகாவோடு ஒரே ஆபீஸ். நல்ல பையன்தான். அவனுடைய ஆபீஸ் டீம்தான் கொஞ்சம் அதிகமாக நல்லவர்கள். எல்லோரும் சேர்ந்து கல்யாணப் பரிசாக ஒரு கல்யாணப் படப்பிடிப்பு நிறுவனத்தையே கொடுத்துவிட்டார்கள். குக்கர் கொடுத்திருந்தால் பரணில் போட்டிருக்கலாம். இது வீட்டுக்கே வந்து பரணை அளவெடுத்துவிட்டுப் போகிற ஜாதி.

நிறுவனத்தின் பெயர் ‘ஒன்லி ஒன்ஸ் வெட்டிங் ஸ்டோரீஸ்’. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் என்று அர்த்தமாம். அவர்கள் எதையும் ஒரே ஒரு முறை செய்து யாரும் பார்த்ததில்லை.

முதல் சந்திப்பு அவர்களுடைய கண்ணாடி ஆபீசில் நடந்தது. நாற்காலிகள் இல்லை; பெரிய பெரிய மூட்டைகள் கிடந்தன. அதில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். பாகீரதி உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே போனாள். கடைசியில் அவள் முகமும் முழங்காலும் ஒரே உயரத்தில் நின்றன.

க்ரியேட்டிவ் டைரக்டர் முகேஷ் எதிரில் வந்து நின்றார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்து, தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் நான்கையும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்.

“மொதல்ல ஒண்ணு கிளியர் பண்ணிடறேன் ஆன்ட்டி. நாங்க போட்டோ எடுக்கிறவங்க இல்ல. போட்டோ யார் வேணா எடுப்பாங்க. நாங்க மெமரி டிசைன் பண்றோம்.”

“அப்ப போட்டோ?” என்றார் அசோகன்.

“அதுவும் வரும் அங்கிள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“ஞாயித்துக்கிழமை காலையில ஆறுக்கு மேல.”

முகேஷ் பக்கத்திலிருந்த நிக்கோலைப் பார்த்தார். நிக்கோல் டைம்லைன் மேனேஜர். கையில் டேப்லெட் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்போல இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

“அது ஃப்ளாட் லைட் ஆன்ட்டி. முகத்துல டெப்த்தே இருக்காது. பொண்ணோட லைஃபையே ஃப்ளாட்டா ஆரம்பிக்கணுமா?”

பெண்ணின் வாழ்க்கை என்றதும் பாகீரதியே வேறு நேரம் கேட்கச் சொன்னாள். புரோகிதர் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டார்கள். அவர் அதே நாளில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது என்றார். முகேஷ் சத்திரத்தின் வரைபடத்தைப் பார்த்து, பத்து மணிவாக்கில் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் மேடையில் விழும், அதற்குமேல் தாமதித்தால் ஹார்ஷ் லைட், ஆகவே ஆகாது என்றார்.

“ராகு காலம் பாத்தாச்சு, எமகண்டம் பாத்தாச்சு,” என்றது போனில் மஞ்சுநாத்தின் குரல். “இது என்னம்மா புதுசா ஹார்ஷ் லைட்னு ஒரு காலம்? என் பஞ்சாங்கத்துல இல்லவே இல்ல.”

“லக்கினம் கண்ணுக்குத் தெரியாது சாமி. நிழல் தெரியும்,” என்றார் முகேஷ்.

பத்து மணி என்று முடிவானதும் நிக்கோல் அந்த நாளின் அட்டவணையை டி.வி.யில் போட்டுக் காட்டினாள். ஒப்பனை, ஒப்பனையின் விவரங்கள், செருப்பு தனியாக, மோதிரம் தனியாக, செருப்பும் மோதிரமும் சேர்ந்து, தோழிகள் சிரிப்பு, மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தல், அப்பா மெதுவாக நடத்தல் என்று அது கீழே இறங்கிக்கொண்டே போனது. அசோகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

“இதுல கல்யாணம் எங்கம்மா இருக்கு?”

நிக்கோல் விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். “இதோ அங்கிள். கப்பிள் போர்ட்ரெய்ட்டுக்கும் ட்ரோன் ஷாட்டுக்கும் நடுவுல.”

“தாலி கட்றப்ப நான் எங்க நிக்கணும் பாப்பா?” என்று மூட்டைக்குள்ளிருந்து கேட்டாள் பாகீரதி.

“உங்களுக்கு ஸ்பெஷல் ஸ்பாட் இருக்கு ஆன்ட்டி. ரியாக்‌ஷன் ஸோன்.”

ஸ்பெஷல் என்ற சொல் பாகீரதிக்குப் போதுமாக இருந்தது. மனம் நிறைந்து எழப் பார்த்தாள். முடியவில்லை. கிருத்திகா ஒரு கையையும் அசோகன் இன்னொரு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் எல்லோரும் அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருந்த சத்திரத்தில் கூடினார்கள். சாயந்திரம் ரிசப்ஷன். பெண்ணுக்குப் பூ வைக்கப் பாகீரதி சீப்பும் மல்லிகைச் சரமுமாக வந்தாள். நிக்கோல் கதவில் கை வைத்து மறித்தாள்.

“ஆன்ட்டி, நீங்க பொண்ணைப் பாக்கக் கூடாது.”

“என் பொண்ணுமா அது.”

“அதனாலதான். ‘மதர் ரிவீல்’ இருக்கு. நீங்க வெளியில நிப்பீங்க. கதவு திறக்கும். ஃபர்ஸ்ட் டைம் பொண்ணைப் பாப்பீங்க. கையால வாயை மூடுவீங்க. அழுவீங்க.”

“ஃபர்ஸ்ட் டைம் அவளை நான் பொறந்தன்னிக்கே கோஷா ஆஸ்பத்திரியில பாத்துட்டனேமா.”

இது அட்டவணையில் ஏறவில்லை. பாகீரதியை வெளியே நிறுத்தினார்கள். கதவு திறந்தது. பெண் நின்றாள்.

“ஏய், கொசுவம் நிக்கவே இல்ல. யார்டி கட்டினது?” என்றாள் பாகீரதி.

“கட்!” என்றார் முகேஷ்.

இரண்டாவது முறை வாயை மூடினாள். ஆனால் சீப்பு இருந்த கையால் மூடிவிட்டாள். மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை.

“ஆன்ட்டி, பொண்ணு உங்களை விட்டுப் போறா. அதை ஃபீல் பண்ணுங்க.”

“எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் வீடு எடுத்திருக்காங்க தம்பி. தண்ணி வரலன்னா என் வீட்டுக்குத்தான் குடத்தோட வருவா.”

உதவியாளர் ஒருவர் கண்ணில் விட ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்தார்.

“இப்படி அழணும்னா நான் சமையல்கட்டுக்கே போறனே. அங்க வெங்காயம் உரிக்க ஆள் இல்லனு கத்திட்டிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு பாகீரதி போயே விட்டாள்.

கூடத்திலும் நிலைமை இதுதான். முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டுக் கேமரா ஓடுவதற்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கிளிப்பச்சைப் பட்டு கட்டி வந்திருந்த பக்கத்து வீட்டு லட்சுமம்மாவை, பச்சை எல்லார் முகத்திலும் அடிக்கிறது என்று சொல்லித் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

“பச்சை வேணாம்னு என் மருமவ அப்பவே சொன்னா,” என்று லட்சுமம்மா தூணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “தூணுக்குப் பின்னாடி வெப்பாங்கன்னு அவளும் சொல்லல.”

ரிசப்ஷன் முடியும் தறுவாயில் முகேஷ் மைக்கைப் பிடித்தார்.

“நாளைக்கு எல்லாரும் ஒரு ஹெல்ப் பண்ணணும். தாலி கட்றப்ப யாரும் எந்திரிக்காதீங்க. அட்சதை போடாதீங்க, லென்ஸ்ல விழும். பூ எங்க ஆளுங்க மேலேருந்து போடுவாங்க. மொபைலை உள்ள வெச்சுடுங்க. பேசாதீங்க. சொந்தக்காரங்க எல்லாரும் அந்த நேரத்துல டைனிங் ஹால்ல இருந்தா இன்னும் க்ளீனா இருக்கும். ஏன்னா ஒரு கல்யாணத்துல ரெண்டு பேர்தான் முக்கியம். அதைப் பின்னாடி பாக்கப் போறவங்க, அதை எடுக்கிறவங்க. மத்தபடி உங்க வீட்டுக் கல்யாணம், ஃப்ரீயா என்ஜாய் பண்ணுங்க!”

கூட்டம் கைதட்டியது. சத்தம் போதவில்லை என்று இன்னொரு முறை தட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

அடுத்து மஞ்சுநாத்தின் முறை. தாலியை மூன்று தடவை கட்ட வேண்டும் என்றார் முகேஷ்: தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, ஸ்லோ மோஷனுக்கு ஒன்று.

“மூணு முடிச்சுன்னுதான் ஸார் நம்மகிட்ட இருக்கு. மூணு தடவைன்னு இல்ல,” என்றார் மஞ்சுநாத்.

“அது பழைய ஃபார்மட் சாமி. அப்புறம், மந்திரம் ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கோம், ரொம்ப க்ளீன் ஆடியோ. ரியல் டேக்ல நீங்க வாய் மட்டும் அசைங்க.”

“வாய் மட்டுமா?” என்று மஞ்சுநாத் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அதற்குப்பிறகு அன்று அவர் யாருடனும் பேசவில்லை.

நிக்கோல் பாகீரதியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்பெஷல் ஸ்பாட். முன்வரிசையைத் தாண்டினார்கள். மேடையைத் தாண்டினார்கள். ஜன்னலோரம் ஒரு தூண் இருந்தது. தூணில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“இங்க நிக்கணும் ஆன்ட்டி. இந்த ஸ்டிக்கரைப் பாக்கணும். எமோஷன் குடுக்கணும்.”

“மேடை அந்தப் பக்கம் இருக்கேமா?”

“மேடை அங்கதான். உங்க லைட் இங்க இருக்கு.”

பாகீரதி திரும்பிப் பார்த்தாள். மேடை அவளுடைய முதுகுக்கு நேராக இருந்தது.

“அப்ப தாலி கட்றதை நான் எப்ப பாக்கறது?”

பின்னாலேயே வந்த முகேஷ் அன்பாகச் சிரித்தார். “டீசர்ல ஆன்ட்டி. நாப்பது நாள்ல வந்துடும்.”

பாகீரதிக்கு வீணாவின் கல்யாணத்து பெல்ட் ஞாபகம் வந்தது. அந்த பெல்ட்டாவது மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தத் தடவை அவளுக்குக் கிடைத்தது வெறும் ஸ்டிக்கர். பத்து மாதம் சுமந்து, தையல் மிஷினில் கால் வீங்க மிதித்து, படிக்க வைத்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்போது அவள் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கத்தலாமா என்று பார்த்தாள். கத்தினால் அதையும் எடுப்பார்கள்.

முகேஷ் மேலே விளக்கிக்கொண்டிருந்தார். “காலையில ஒம்போதுக்கு ஒரு ட்ரை ரன், அதாவது ஒத்திகை. அதுல அக்னி, மேளம், மாலை, பூ எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். அப்பதான் லைட்டும் சவுண்டும் செட் பண்ண முடியும். தாலி மட்டும் டம்மி. நாங்களே கவரிங் தாலி கொண்டு வந்திருக்கோம், ஒரிஜினலை விட நல்லா மின்னும். அப்புறம் வெயில் வந்ததும் ரியல் டேக்.”

“ஒத்திகையை எடுப்பீங்களா தம்பி?”

“சேச்சே, கார்டு வேஸ்ட். எங்க டீம் மொத்தமும் பின்னாடி மானிட்டர்ல இருப்போம். லைட்டை மறைக்கக் கூடாதில்ல? எங்க ஆள் ஒருத்தர்கூட முன்னாடி நிக்க மாட்டாங்க.”

பாகீரதி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

காலையில் மஞ்சுநாத் மேடையில் அக்னி வளர்த்துக்கொண்டிருந்தார். பாகீரதி தேங்காய் வைக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“சாமி, முகூர்த்தம் எப்ப ஆரம்பிக்குது?”

“ஒம்போதுக்கு.”

“ஒத்திகை?”

“அதுவும் ஒம்போதுக்…” என்ற மஞ்சுநாத்தின் கை நெய்க் கரண்டியோடு அப்படியே நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒத்திகையில மந்திரம் நெஜமா சொல்லலாமா சாமி?”

“ரியல் டேக்லதானம்மா வாய் மட்டும் அசைக்கச் சொன்னாங்க. இதுல எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னு அவரே சொல்லிட்டாரே.”

“அப்ப மந்திரத்தை நீங்க பாத்துக்கங்க. தாலியை நான் பாத்துக்கறேன்.”

“தும்பா சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்,” என்றார் மஞ்சுநாத். நேற்றிலிருந்து இறுகியிருந்த முகம் அப்போதுதான் மலர்ந்தது.

அடுத்தது பெண்ணும் மாப்பிள்ளையும். அவர்கள் விடியற்காலையிலிருந்து ஏரிக்கரையில் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி நடந்து களைத்துப்போய் மேடையோரம் உட்கார்ந்திருந்தார்கள். பாகீரதி மகளின் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“நெஜமாவாம்மா?” என்றாள் கிருத்திகா. காலையிலிருந்து சிரிக்கச் சொல்லிச் சிரித்த முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

ஹரிஷ்தான் நெளிந்தான். “அத்தை, டீம் குடுத்த கிஃப்ட்… மேனேஜர் வேற வந்துட்டிருக்காரு. தெரிஞ்சா…”

“தாலி கட்டப் போறது நீங்களா, உங்க மேனேஜரா மாப்ள?”

ஹரிஷ் வாசலைப் பார்த்தான். மேனேஜரை நினைத்திருப்பான். பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கிருத்திகாவைப் பார்த்தான். அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான்.

“நானே கட்றேன் அத்தை.”

இனி ஆட்கள் வேண்டும். உறவும் தெருவும் நிக்கோலின் உத்தரவுப்படி சாப்பாட்டுக் கூடத்தில் அடைந்திருந்தன. பாகீரதி நேராக நிக்கோலிடமே போனாள்.

“பாப்பா, வெறும் நாற்காலிய வெச்சு லைட்டு எப்படிப் பாப்பீங்க? ஆளுங்க முகத்துல விழுந்தாதானே தெரியும்?”

நிக்கோலின் கண் விரிந்தது. “கிரேட் பாயிண்ட் ஆன்ட்டி!” என்று சொல்லி, ‘க்ரவுட் டெஸ்ட்’ என்று அட்டவணையில் அவளே சேர்த்தாள்.

அசோகன் பந்திக்குப் போய் ஒவ்வொருவர் காதிலும் ஒன்றைச் சொன்னார். பாதி இட்லியை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். தொம்மலூர்க்காரர்கள் இட்லியை விட்டு எழுவது லேசான காரியம் இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள். லட்சுமம்மா கிளிப்பச்சைப் பட்டோடு நட்டநடுவில் உட்கார்ந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கேமராக்கள் எல்லாம் ஓரமாகக் கம்பங்களில் நின்றன. முகேஷின் படை மொத்தமும் கூடத்தின் கடைசியில் ஒரு சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்திருந்தது.

பாகீரதி தன் மடியிலிருந்து அசல் தாலியை எடுத்தாள். தட்டிலிருந்த கவரிங்கை மடியில் போட்டுக்கொண்டு, இதைத் தேங்காய் மேல் வைத்தாள். தட்டு கூட்டத்துக்குள் போனது. ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“அது என்ன ஆன்ட்டி?” என்று தூரத்திலிருந்து கேட்டாள் நிக்கோல்.

“டம்மி தாலிக்கு ஆசீர்வாதம்மா. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னு தம்பி சொன்னாரே.”

“ஓ, பர்ஃபெக்ட்!”

மஞ்சுநாத் மந்திரத்தை ஆரம்பித்தார். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் கூரையில் போய் முட்டியது. மேளத்துக்கு சிக்னல் கொடுப்பதற்காக நிக்கோல் ஒரு பச்சை அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் மஞ்சுநாத் விரலை உயர்த்தி ஆட்டினார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

பாகீரதி மேடைக்கு நேர் முன்னால் நின்றாள். அவளுக்கும் மகளுக்கும் நடுவில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. ஹரிஷ் தாலியைக் கையில் எடுப்பது தெரிந்தது. மஞ்சள் கயிறு கழுத்தைச் சுற்றிப் போவது தெரிந்தது. பின்கழுத்தில் முடி சிக்கிக்கொண்டது. ஹரிஷின் அக்கா குனிந்து அதை ஒதுக்கிவிட்டு மற்ற முடிச்சுகளைப் போட்டாள். கிருத்திகா சின்ன வயதில் விழுந்து காதோரம் வாங்கிய தழும்புகூடத் தெரிந்தது. முடிச்சு விழுந்ததும் அவள் மேடையில் யாரையும் பார்க்கவில்லை. நிமிர்ந்து, நேராக, அம்மாவைப் பார்த்தாள்.

பாகீரதி அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதாள். கையிலிருந்த அட்சதையைப் போட்டாள். இந்தத் தடவை அது மகளின் தலையில் விழுந்தது. பின்னாலிருந்து மொத்தத் தெருவும் அட்சதையை அள்ளி வீசியது. ஒரு அரிசிகூட லென்ஸில் விழவில்லை.

“கட்! சூப்பர்!” என்று பின்னாலிருந்து முகேஷின் குரல் வந்தது. “க்ரவுட் எனர்ஜி செம. இதே எனர்ஜியை ரியலுக்கு மிச்சம் வெச்சிருங்க!”

யாரும் மிச்சம் வைக்கவில்லை. பாதியில் விட்ட இட்லிக்குத் திரும்பிப் போனார்கள்.

வெயில் மேடையில் விழுந்ததும் ரியல் டேக் ஆரம்பமானது. தாலியைப் புடவைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு கிருத்திகா உட்கார்ந்தாள். கவரிங் தட்டுக்கு வந்திருந்தது. கேமராக்கள் மேடையைச் சுற்றி மதில் எழுப்பின. விளக்குகள் எரிந்தன. மேலேயிருந்து பூ விழுந்தது. மஞ்சுநாத் சொன்னபடி வாயை மட்டும் அசைத்தார். மெஜஸ்டிக், கார்ப்பரேஷன், மேயோ ஹால், ட்ரினிட்டி, அல்சூர், தொம்மலூர் என்று பஸ் நிறுத்தங்களாக வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பக்கத்திலிருந்த மாப்பிள்ளைக்கு மட்டும்தான் கேட்டது. உதடு நன்றாகப் பொருந்துகிறது என்று முகேஷ் பாராட்டினார்.

மூன்றாவது தடவை கட்டும்போது முடிச்சு நழுவி, கவரிங் தாலி மேடையிலிருந்து உருண்டு தண்டவாளத்தில் போய் விழுந்தது. எந்தக் கல்யாணத்திலும் பெண் வீட்டார் மயங்கி விழ வேண்டிய இடம் அது. ஓரத்தில் நின்ற அசோகனும் லட்சுமம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள்.

“ரொம்ப ப்ரொக்ரசிவ் ஃபேமிலி,” என்று முகேஷ் ஹரிஷின் மேனேஜரிடம் சொன்னார்.

பாகீரதி தூணுக்கு எதிரில் நின்று சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா ஒன்று அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

“ஆன்ட்டி, எமோஷன்! அழுங்க, உங்க பொண்ணுக்குத் தாலி கட்றாங்க!”

“அழுகை வந்துச்சு தம்பி. வந்துட்டுப் போயிடுச்சு,” என்றாள் பாகீரதி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள்.

டீசர் நாற்பது நாளில் வரவில்லை. சொன்ன நாளில் வந்தால் அது கலை இல்லையாம். வந்ததும் முகேஷ் எல்லோரையும் கண்ணாடி ஆபீசுக்குக் கூப்பிட்டார். அடுத்த கல்யாணத்துக்காரர்களும் அன்று வந்திருந்தார்கள். பாகீரதி இந்தத் தடவை மூட்டையில் உட்காரவில்லை, சுவரோரம் நின்றுகொண்டாள்.

படம் அழகாகத்தான் இருந்தது. வெயில் ஒரு கம்பியாக மேடையில் இறங்கியது. கவரிங் தாலி தங்கத்தைத் தோற்கடித்து மின்னியது. மஞ்சுநாத்தின் உதட்டுக்கு யாரோ ஒருவரின் கணீர்க் குரல் பொருந்தியது. பிறகு திரை முழுக்கப் பாகீரதியின் முகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. முகேஷ் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

“இதைப் பாருங்க. அம்மா அழுதாதான் கல்யாணம்னு இந்த இண்டஸ்ட்ரி நம்பிட்டிருந்தது. என் கேரியர்ல இப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல. இதை யாராலயும் ப்ளான் பண்ண முடியாது. தாலி ஏறுற அந்த ஒரு செகண்ட்ல ஒரு தாயோட மனசுல இருந்து வர்றது. அதனால இனிமே எங்க எல்லாக் கல்யாணத்துலயும் ‘மதர் லாஃப்’னு ஒரு ஸ்லாட் சேத்திருக்கோம். ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. அந்த மொமெண்ட்டை மறுபடி பாக்கறப்ப எப்படி இருக்கு?”

“மறுபடி இல்ல தம்பி. இதை இப்பதான் மொதத் தடவையா பாக்கறேன்,” என்றாள் பாகீரதி.

முகேஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிக்கோல் அந்த வாக்கியத்தை நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் குறித்துக்கொண்டாள். கிருத்திகா குனிந்து, கழுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கல்யாணத்துக்காரர்களின் அட்டவணை டி.வி.யில் ஏறியது. பெண்ணின் அம்மா ஒரு மூட்டையில் கழுத்தளவு புதைந்திருந்தாள். அங்கிருந்தபடியே நிக்கோலைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“தாலி கட்றப்ப நான் எங்கம்மா நிக்கணும்?”

“உங்களுக்கு ஸ்பெஷல் ஸ்பாட் இருக்கு ஆன்ட்டி.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எழப் பார்த்தாள். முடியவில்லை.

பாகீரதி போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“ஒத்திகைன்னு ஒண்ணு வெப்பாங்க. சொந்தக்காரங்க எல்லாரையும் அதுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க,” என்றாள். “தாலியை உங்க மடியிலயே வெச்சிக்கங்க.”